நீமா பங்கு போட்ட மாத்திரைகள்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. “மாமனார் வீட்ல கேக்குறாங்கம்மா. போன வருஷம் பூரா நீ சிங்கப்பூர்ல சித்தி வீட்ல இருந்தன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். எச்.ஐ.வி. புள்ளைகளோட ஆப்பிரிக்காவுல இருந்தன்னு சொன்னா என்ன நெனப்பாங்க? இப்ப மறுபடியும் போறேங்குற. இம்புட்டு நாள் ஒழைச்சது பத்தாதா?” என்றாய். உன் அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சிங்கப்பூர்ப் பொய் என்னை உலுக்கிவிட்டது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய் நினைவுக்கு வந்தது. அதை நேரில் சொல்லும் தைரியம் இந்த வயதிலும் எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலத் தயங்குகிற பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள் என்பதால் அச்சிலும் கொடுக்கப் போகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஒரு குடும்பத்திடம் மட்டும் கேட்க முடியவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

ஜோதி என்று நான் இங்கே பேர் மாற்றி எழுதுகிற பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? திருநகரில் நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த லாரி டிரைவரின் மகள். வகுப்பில் உன் பக்கத்தில் உட்காருவாள். அவளுடைய அப்பா காய்ச்சலில் மெலிந்து மெலிந்து இறந்துபோனார். அடுத்த மாதம் அவள் அம்மா நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள். அவளுக்கும் ஜோதிக்கும் நான்தான் ரத்தம் எடுத்தேன். இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. ஒட்டிய கவரைக் கையில் வாங்கிக்கொண்டு, “அக்கா, யாருட்டயும் சொல்லிராதீக” என்றாள். “சொல்ல மாட்டேம்மா” என்றேன். அன்று சாயங்காலமே உன் அத்தையிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். மூன்று நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். பள்ளிக்கூடத்திலும் போய் யாரோ சொன்னார்கள். கிளம்புகிற அன்று காலையில் ஜோதி நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். உன்னிடம் வாங்கியிருந்த கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். “கீழ வச்சிட்டுப் போ” என்றேன். அவள் வாசல்படியில் நோட்டை வைத்துவிட்டு, உன்னைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் அந்த நோட்டை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டுபோய்க் கொல்லையில் எரித்தேன். காகிதத்தில் அந்தக் கிருமி வராது, தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது என்று பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். நோட்டு எங்கே என்று டீச்சர் கேட்டதாக நீ வந்து சொன்னாய். நீதான் தொலைத்தாய் என்று சொல்லி உன்னை அடித்தேன். “நான் தொலைக்கலம்மா, ஜோதிட்ட குடுத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பொய் சொல்கிறாய் என்று இன்னும் இரண்டு அடி கொடுத்தேன். ஜோதி எங்கே என்று கேட்டபோது, சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை, தம்பி. பொய் சொன்னது நான். மன்னித்துவிடு.

பிறகு பல வருஷம் அவர்களைத் தேடினேன். கேட்டவர்களெல்லாம் ஒவ்வொரு ஊர் சொன்னார்கள், எங்கேயும் கிடைக்கவில்லை. வேலையில் மட்டும் திருந்தினேன். அதன் பிறகு எந்த நோயாளியின் பேரும் என் வாயிலிருந்து வெளியே போனதில்லை. ஆனால் செய்தது செய்ததுதான். ரிட்டயர் ஆன வருஷம், ஒருநாள் ஸ்டெல்லா போன் செய்தாள். என் லேபில் ரிப்போர்ட் எழுதும் வேலை பார்த்து, பிறகு கன்னியாஸ்திரீ ஆன பெண். உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு வெள்ளைச் சேலையில் வந்து பந்தி பரிமாறினாளே, அவள்தான். தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரை ஊர் ஒன்றில், எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைகளுக்கான இல்லத்தில் இருந்தாள். “அக்கா, இங்க இருந்த டெக்னீசியன் பெரிய ஊருக்குப் போயிட்டாரு. புள்ளைகளுக்கு ரத்தம் எடுக்க நரம்பு பாக்கத் தெரிஞ்ச ஆளே இல்ல. நாலு தடவ குத்துறாங்க, அதுக கதறுதுக. ஒரு வருசம் வாரீகளா? சம்பளம் கெடையாது, சோறும் கட்டிலும் உண்டு” என்றாள். அன்று முழுக்க யோசித்துவிட்டு உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் செக்கானூரணிப் பக்கம் வயலில் வளர்ந்து மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர். அதிகம் பேச மாட்டார் என்று உனக்குத் தெரியும். நோட்டை நான் எரித்ததை அன்றைக்கு அவர் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. “போயிட்டு வா. எனக்குச் சோறு பொங்கத் தெரியும்” என்றார். சிறிது நேரம் கழித்து, “அந்த நோட்டுப் புத்தக சங்கதி ஒன்ன விடமாட்டேங்குதுல்ல, போயிட்டு வா” என்றார். அப்போதுதான் அவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

போன முதல் வாரம் மிகவும் சிரமப்பட்டேன். பெரியவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் ‘ஷிக்கமோ’ என்று வணக்கம் சொல்வார்கள். நாம் ‘மரஹபா’ என்று பதில் சொல்ல வேண்டும். நானும் ‘ஷிக்கமோ’ என்றே திருப்பிச் சொல்ல, வரிசையாக நின்று சிரிப்பார்கள். அங்கே அம்மாவுக்கு ‘மாமா’ என்று பெயர். போனில் உன் அப்பா பேசும்போது பின்னால் பிள்ளைகள் “மாமா, மாமா” என்று கூப்பிடுவதைக் கேட்டு, “யாருடி அங்க ஒனக்கு மாமா?” என்றார். சிரித்து முடித்துவிட்டுத்தான் அவருக்கு விளக்க முடிந்தது. ஆனால் ரத்தம் எடுக்கும் அறையில் அந்தச் சிரிப்பு இல்லை. கதவைத் திறந்தாலே அழுகை. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. நானும் தரையில் உட்கார்ந்து அதன் கையை என் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினேன். நரம்பு மேலே வரும்வரை அவசரப்படவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று தமிழில் எண்ணினேன். மூணு சொல்வதற்குள் எடுத்து முடித்துவிட்டேன். பிள்ளை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாருமே “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் செய்த வேலைக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் எனக்கு முன்பு கிடைத்ததே இல்லை.

இப்போது நீமாவைப் பற்றிச் சொல்கிறேன். பதினைந்து வயது. நெடுநெடுவென்று வளர்த்தி, கணக்கில் முதல் மதிப்பெண், வாய் கொஞ்சம் நீளம். அந்த நோய்க்கு இப்போது நல்ல மருந்து வந்துவிட்டது, தம்பி. தினம் ஒரு மாத்திரை. விடாமல் போட்டால் ரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆள் நன்றாக இருக்கலாம், படிக்கலாம், கல்யாணம் செய்யலாம், நோயில்லாத பிள்ளை பெறலாம். காலையில் கஞ்சி குடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வார்டன் அம்மா முன்னால் மாத்திரை போடுவார்கள். நீமாவும் போடுவாள். ஆனால் அவளுக்கு மட்டும் இரண்டு சோதனையிலும் கிருமி ஏறிக்கொண்டே போனது. இந்த மருந்து அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, வேறு மாற்ற வேண்டும் என்று டாக்டர் அம்மா கவலைப்பட்டார். மூன்றாவது முறை நான் ரத்தம் எடுக்க அவள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தபோது, பாவாடை மடிப்பிலிருந்து ஒரு மாத்திரை கீழே விழுந்தது. ஓரம் கரைந்து, பிறகு காய்ந்த மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பியது என்று பார்த்ததும் தெரிந்தது. நான் எடுத்துக் கையில் மூடிக்கொண்டேன். அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள்: “யாரிடமாவது சொல்லிவிடுவீர்களா?”

ஜோதியின் அம்மா கேட்ட அதே கேள்வி. சொல்லாவிட்டால் அவள் உயிருக்கு ஆபத்து. சொன்னால் அவள் இனி யாரையும் நம்ப மாட்டாள். “நான் சொல்லப் போறதில்ல. நீதான் டாக்டரிடம் சொல்லணும். ஒரு வாரம் தருகிறேன். அதுவரைக்கும் தினமும் நீ மாத்திரையை விழுங்குவதை நானே பக்கத்தில் இருந்து பார்ப்பேன்” என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், பராக்கா. இருபது வயது. ஏரியில் மீன்பிடிப் படகில் கூலிக்குப் போகிறான். அவனுக்கும் இருக்கிறது. ஒரு முகாமில் சோதித்துத் தெரிந்துகொண்டவன், மருந்து வாங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. யாராவது பார்த்துவிட்டால் படகுக்காரர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று பயம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தன் மாத்திரையை ஒளித்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வரும் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறாள். இல்லத்தில் மிச்சமாகக் கிடக்கிற மாத்திரை என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அப்பா இரண்டு பேரையும் அந்த நோய்க்குக் கொடுத்த பிள்ளை, அண்ணனையும் கொடுக்க முடியாது என்று தானே முடிவு செய்துகொண்டாள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். விடாமல் போட்டால் கிருமி எப்படி இறங்கும், விட்டு விட்டுப் போட்டால் எப்படித் திரும்ப ஏறும், கடைசியில் அந்த மருந்துக்கே எப்படிப் பழகிவிடும் என்று. கணக்குத் தெரிந்த பெண் அல்லவா, தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்படியானால் பாதிப் பாதி உயிர் இல்லை. இரண்டு பேருக்குமே ஒன்றும் இல்லை” என்றாள். பிறகு அழுதாள்.

சனிக்கிழமை காலையில் நீமாவும் ஸ்டெல்லாவும் நானும் ஏரிக்கரைக்குப் போனோம். ஸ்டெல்லாவை அழைத்துப் போகலாமா என்று நீமாவிடம் கேட்டுத்தான் அழைத்துப் போனேன். நம்மூர் நெத்திலி மாதிரிச் சின்ன மீன்களை வலையில் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் மாதிரிக் கூடையோடு நின்றோம். பராக்கா படகிலிருந்து இறங்கினான். நல்ல உயரம். ஆனால் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்ததும் சிரித்தான். அவள் அவனைக் கொஞ்சம் தள்ளி, ஆளில்லாத ஒரு பழைய படகு மறைவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவன் முகத்திலிருந்து சிரிப்பு போனது தெரிந்தது. அது அவளுடைய சொந்த மாத்திரை என்று அந்த நிமிஷம்தான் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். நீமா பக்கத்தில் நின்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் கொஞ்சம் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் ஸ்டெல்லா, “அவன் வருவானாக்கா?” என்று கேட்டாள். “தெரியலம்மா” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பராக்கா வந்தான். பின்பக்கம் ஒரு சின்ன வழி உண்டு. அதில் வரவில்லை. முன்வாசல் வழியாக, கையில் ஒரு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அறைக்குள் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். நான் ஊசியை எடுக்கும்போது ஸ்டெல்லாவிடம் ஏதோ கேட்டான். “இந்த அம்மா வெளியில யாருட்டயும் சொல்ல மாட்டாங்கன்னு எப்படி நம்புறதுன்னு கேக்குறான்க்கா” என்றாள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். “ஸ்டெல்லா, நான் சொல்றத ஒரு வார்த்தை விடாம அவனுக்குச் சொல்லு. எங்க தெருவுல ஒரு பொம்பளையும் அவ மகளும் என்னைய நம்பி ரத்தம் குடுத்தாங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு அன்னைக்கே சொல்லிட்டேன். அவங்கள வீட்ட விட்டுத் தொரத்துனாங்க. அதுக்குக் காரணம் நான். அந்தத் தப்பு எம்புட்டுப் பெருசுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நீ என்னைய நம்பலாம்” என்றேன். ஸ்டெல்லாவுக்கு அது அதுவரை தெரியாது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அத்தனை வருஷம் என் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை, மொழி தெரியாத ஒரு மீனவப் பையனிடம்தான் முதன்முதலில் சொன்னேன். அவன் கையை நீட்டினான். அன்று சாயங்காலம் நீமா தானாகவே டாக்டர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் அம்மா திட்டவில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “உன் அண்ணனுக்குக் கொடுக்க எங்களிடம் மாத்திரை இருக்கிறது, பெண்ணே. உன்னுடையதை நீ போடு” என்றார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம். பராக்கா மாதம் தவறாமல் வந்தான். கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினேன், முடிவு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். வந்த அன்று காலை பதினோரு மணி இருக்கும். டாக்டர் அம்மா அண்ணனையும் தங்கையையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் வெளியே நின்றேன். கதவு திறந்து நீமா தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே முடிவு: கிருமி கண்டறிய முடியாத அளவு. முற்றம் முழுக்கக் கேட்கும்படி அவளே கத்திச் சொன்னாள். சமையற்கட்டிலிருந்து பெண்கள் கரண்டியோடு வெளியே வந்தார்கள். வந்தவர்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள், தம்பி. நம்மூர்க் கோயிலில் பொங்கல் பொங்கும்போது போடுவதே மாதிரி, அதே குலவை. நான் அசந்துபோனேன். பிறகு நானும் போட்டேன். உன் அப்பா ஊரில், செக்கானூரணியில் கற்ற குலவையை நிறுத்தாமல் போட்டேன். அவர்கள் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மறுபடியும் எல்லாரும் சேர்ந்து போட்டோம். பிள்ளைகள் ஆடினார்கள். பராக்கா சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தான்.

கதை அதோடு நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பராக்கா தன் படகில் வேலை பார்க்கும் ஒருவனை அழைத்து வந்தான். அவன் இன்னொருவனை. நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஆறு மீனவர்கள் வந்து சோதித்துக்கொண்டார்கள். அதில் நான்கு பேருக்கு ஒன்றும் இல்லை. இருந்த இரண்டு பேரும் மருந்து வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒருநாள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் வாசலில் வந்து நின்றார். “வலிக்காமல் ரத்தம் எடுக்கிற இந்தியா மாமா எங்கே?” என்று கேட்டார். அவர்தான் அந்தப் படகுக்குச் சொந்தக்காரர். பராக்கா இத்தனை நாள் யாருக்குப் பயந்து ஒளிந்தானோ அவர். அவரே சோதித்துக்கொள்ள வந்திருந்தார். அவருக்கும் “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லித்தான் எடுத்தேன். தன் ஆட்கள் யாரையும் இதற்காக வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். அவருடைய முடிவு என்னவென்று என்னிடம் கேட்காதே. அதை நான் சொல்ல மாட்டேன்.

இம்புட்டு நாள் உழைத்தது பத்தாதா என்று கேட்டாய். பத்தவில்லை, தம்பி. என் கை இன்னும் நடுங்கவில்லை. கண்ணாடி போட்டால் சின்ன நரம்பும் தெரிகிறது. அவை இருக்கிறவரை போவேன். உனக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவளிடம் நீ தப்புச் செய்தால் என்னை மாதிரி இத்தனை வருஷம் காத்திருக்காதே. அன்றைக்கே சொல்லிவிடு. பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். தாங்காமல் தவிப்பது பெரியவர்கள்தான். அடுத்த மாதம் நான் தனியாகப் போகவில்லை. இல்லத்தில் வயரிங் மோசமாக இருக்கிறது, லேப் ஃப்ரிட்ஜ் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். உன் அப்பா எழுந்துபோய்த் தன் பழைய டூல் பையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். “நானும் வாரேன். அந்த ஃப்ரிட்ஜு நிக்காம ஓடணும்ல” என்றார். அவருக்குப் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து போய் அவருக்கு ஊசி போட்டுவிட்டு வந்தோம், மஞ்சள் காய்ச்சலுக்கு.

மாமனார் வீட்டில் இனி கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லாதே. என் அம்மாவும் அப்பாவும் எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைகளோடு இருக்கப் போயிருக்கிறார்கள் என்று சொல். அம்மா ரத்தம் எடுக்கிறாள், அப்பா கரண்டு வேலை பார்க்கிறார் என்று சொல். அவர்கள் முகம் மாறினாலும் நிறுத்தாமல் சொல்லி முடி. எங்களைப் பற்றி நீ எதையும் யாரிடமும் மறைக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் பெயரை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதே.

அம்மா